கோரஸ் என்பது ஆட்களா, அடிகளா?

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் "கோரஸ் வந்தாச்சா?" என்று கேட்டால் அவர் கேட்பது ஆட்களைப் பற்றி. கிடார் கற்பிப்பவர் "கோரஸில் வேகத்தைக் கூட்டு" என்றால் அவர் சொல்வது பாட்டின் ஒரு பகுதியை. கிரேக்க நாடகம் படிக்கும் மாணவருக்குக் கோரஸ் என்பது முகமூடி அணிந்த ஒரு கூட்டம். ஷேக்ஸ்பியரைப் படிப்பவருக்கோ மேடையின் முன்னே தனியாக வந்து நிற்கும் ஓர் ஆள். ஜாஸ் இசைஞர் அதை ஒரு சுற்று என்பார். இசைக்கருவிக் கடையில் கேட்டால் காலால் மிதித்து இயக்கும் சிறு மின்பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள்.

அகராதிகள் இப்பொருள்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுப் பக்கம் பக்கமாக வைத்துவிடுகின்றன. அப்படி வைக்கும்போது அவை தற்செயலாக ஒரே சொல்லில் வந்து சேர்ந்தவை போலத் தோன்றுகின்றன. உண்மையில் அவை ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. ஒவ்வொரு கிளைப்பிலும் பழைய பொருளின் ஏதோ ஓர் உறுப்பு கழன்று போயிருக்கிறது. ஓரிடத்தில் ஆட்டம் போயிற்று, ஓரிடத்தில் ஆள் எண்ணிக்கை போயிற்று, பிறகு ஆட்களே போய்ப் பாட்டின் அடிகள் மட்டும் எஞ்சின, கடைசியில் மனிதக் குரலும் போயிற்று. சொல் மட்டும் நிலைத்தது.

மூலமான கிரேக்கச் சொல் முதலில் குறித்தது பாட்டை அன்று, ஆட்டத்தை. ஆட்டம், ஆடும் குழு, ஆடும் இடம் ஆகிய மூன்றுக்கும் அச்சொல் வழங்கியது. அரங்கில் அந்தக் குழு நின்று ஆடிய வட்டக்களத்தின் பெயர்தான் ஆர்க்கெஸ்ட்ரா. ஆடுகளம் என்பது அதன் நேர்ப்பொருள். இன்று நாம் வாத்தியக் குழுவுக்கு அந்தப் பெயரைச் சொல்வது, பின்னாளில் ஐரோப்பிய அரங்குகளில் மேடைக்கும் பார்வையாளருக்கும் இடைப்பட்ட அந்த இடத்தில் வாத்தியக்காரர்கள் வந்து உட்கார்ந்ததால். பாட்டும் ஆட்டமும் பிரியாத இந்த நிலை தமிழ் வாசகருக்குப் புதிதாக இராது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு மகளிர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு இசைகளின் பெயரைப் பெற்று, வட்டமாக நின்று கைகோத்து ஆடிப் பாடுவதை நாம் படித்திருக்கிறோம். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் கோரஸ் என்றதும் அசையாமல் வரிசையாக நின்று பாடும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளாமல் இருக்க அந்தக் குரவை உதவும்.

ஏதென்ஸில் டயோனிசஸ் தெய்வத்துக்கு எடுத்த பெருவிழாவில் டிதிராம்ப் என்னும் பாடல்வகைக்குத் தனிப் போட்டி இருந்தது. நகரின் பத்துக் குலங்களும் 50 ஆண்கள் கொண்ட ஒரு குழுவையும் 50 சிறுவர்கள் கொண்ட ஒரு குழுவையும் அனுப்பின. ஆக ஒரே விழாவில் ஆயிரம் பேர் ஆடிப் பாடினார்கள். துன்பியல் நாடகத்தின் குழு இதைவிடச் சிறியது. முதலில் 12 பேர் இருந்ததாகவும் நாடகக் கவிஞர் சோஃபகிளிஸ் அதை 15 ஆக்கியதாகவும் பழைய குறிப்புகள் சொல்கின்றன. நகைச்சுவை நாடகத்துக்கு 24 பேர். இவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர், நகரத்துக் குடிமக்கள். நடிகர்கள் காலப்போக்கில் தொழில்முறையாளர்கள் ஆனபின்பும் கோரஸ் குடிமக்களிடமே இருந்தது.

அதன் செலவை ஏற்பது செல்வர்களின் கடமை. ஏதென்ஸில் கோரஸுக்குப் பொறுப்பேற்பது, போர்க்கப்பலுக்குப் பொறுப்பேற்பதைப் போல, பணக்காரர்மேல் நகரம் சுமத்திய ஒரு வரி. கி.மு. 472இல் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' அரங்கேறியபோது அந்தப் பொறுப்பை ஏற்றவர் இளைஞராக இருந்த பெரிக்ளிஸ். லிசியாஸ் எழுதிக்கொடுத்த நீதிமன்ற உரை ஒன்றில் ஒரு செல்வர் தாம் செய்த செலவுகளை அடுக்குகிறார்: துன்பியல் கோரஸுக்கு 3000 திராக்மா, நகைச்சுவைக் கோரஸுக்கு 1600 திராக்மா. அந்தக் காலத்தில் தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் நாட்கூலி ஏறக்குறைய ஒரு திராக்மா என்பதை நினைத்துப் பார்த்தால் தொகையின் அளவு விளங்கும். வென்ற குழுவின் செலவாளர் நினைவுச்சின்னம் எழுப்புவதும் உண்டு, கி.மு. 334 அளவில் லிசிக்ரட்டிஸ் என்பவர் எழுப்பிய சின்னம் அக்ரோபோலிஸ் குன்றின் அடியில் இன்றும் நிற்கிறது. நாடகக் கவிஞர் ஒருவருடைய படைப்பைப் போட்டிக்கு ஏற்றுக்கொண்டால், அதிகாரி அவருக்குக் "கோரஸ் கொடுத்தார்" என்றே சொன்னார்கள். நாடகம் என்பதே கோரஸைச் சுற்றி அமைந்ததாக அவர்கள் கருதியதற்கு இந்த வழக்கைவிட நல்ல சான்று தேவையில்லை.

அரிஸ்டாட்டில் தரும் வரலாறும் இதையே சொல்கிறது. டிதிராம்பைத் தலைமை தாங்கிப் பாடியவர்களிடமிருந்து துன்பியல் பிறந்தது. ஈஸ்கிலஸ் நடிகரை ஒருவரிலிருந்து இருவராக்கிக் கோரஸின் பங்கைக் குறைத்தார். சோஃபகிளிஸ் மூன்றாவது நடிகரைக் கொண்டுவந்தார். அதாவது, கோரஸுக்குள்ளிருந்து ஒருவர் விலகி நின்று பதில் பேசியபோது நாடகம் தொடங்கியது. பேசும் பாத்திரங்கள் எத்தனை இருந்தாலும் மூன்று நடிகர்களே முகமூடி மாற்றி அவற்றை ஏற்றார்கள். அந்த மாற்றத்துக்கு வேண்டிய நேரத்தைக் கோரஸின் பாட்டு தந்தது. இது மிகச் சாதாரணமான காரணம்தான்; ஆனால் கோரஸைப் பற்றிய ஆழமான விளக்கங்களில் மூழ்கிவிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கோரஸ் உள்ளே வரும்போது ஒரு பாட்டு, காட்சிகளுக்கு இடையே களத்தில் நின்று பாடும் பாட்டுகள், வெளியேறும்போது ஒரு பகுதி என்று நாடகத்தின் எலும்புக்கூடே அதைக் கொண்டு அமைந்தது. இடைப்பாட்டுகள் பெரும்பாலும் இரட்டைக் கட்டுகளாக வரும். முதல் கட்டின் யாப்பை இரண்டாம் கட்டு அசைக்கு அசை திருப்பிச் சொல்லும். ஆலோஸ் என்னும் இரட்டைக் குழல் கூடவே ஒலித்தது. பேச்சு வரும் இடங்களில் கோரஸின் தலைவர் மட்டும் மற்றவர்களுக்காகப் பேசினார்.

தமிழில் 'பின்பாட்டு பாடுகிறான்' என்றால் சுயபுத்தி இல்லாமல் ஒருவனுக்கு ஆமாம் போடுகிறான் என்று பொருள். ஏதென்ஸின் கோரஸை அப்படி எண்ணிவிடக் கூடாது. அது ஒரு பாத்திரம். அதற்கு வயதும் ஊரும் அச்சமும் உண்டு. ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தில் அது ஆர்கோஸ் நகரத்து முதியவர்கள். அரண்மனைக்குள்ளிருந்து மன்னன் வெட்டுப்பட்டு அலறும் குரல் கேட்கிறது. அதுவரை ஒரே குரலாகப் பாடிய கூட்டம் அந்த நொடியில் சிதறுகிறது. பன்னிரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு அடியாகப் பேசுகிறார்கள்: ஊரைக் கூட்டுவோம் என்கிறார் ஒருவர், இப்போதே உள்ளே பாய்வோம் என்கிறார் இன்னொருவர், அலறலை மட்டும் வைத்துக்கொண்டு மன்னன் இறந்துவிட்டான் என்று எப்படிச் சொல்வது என்கிறார் மற்றொருவர். பேசி முடிப்பதற்குள் கதவு திறக்கிறது. பிணங்களோடு அரசி கிளிடெம்னெஸ்ட்ரா நிற்கிறாள். ஒரு கூட்டம் கூட்டமாக இருப்பதாலேயே செயலற்றுப் போவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சி நாடக இலக்கியத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

யூரிப்பிடிஸின் 'மீடியா'வில் (கி.மு. 431) நிலைமை இன்னும் கொடியது. கொரிந்து நகரத்துப் பெண்களான கோரஸ், மீடியா பழிவாங்கப் போவதை வெளியே சொல்வதில்லை என்று முன்பே வாக்களித்துவிடுகிறது. மீடியா தன் குழந்தைகளையே கொல்ல, அவர்கள் உள்ளே கதறும்போது "உள்ளே போகட்டுமா" என்று அது கேட்கிறது, "வாருங்கள்" என்று குழந்தைகளே மறுமொழி சொல்கிறார்கள், கோரஸ் போவதில்லை. ஆடுகளத்தை விட்டு அரண்மனைக்குள் நுழைவது கோரஸின் வழக்கம் அன்று. அரங்கின் அந்த மரபையே யூரிப்பிடிஸ் பார்ப்பவரின் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறார். ஆனால் எல்லாக் கோரஸும் பார்த்துக்கொண்டு நிற்பதன்று. ஈஸ்கிலஸின் 'யூமெனிடிஸ்' நாடகத்தில் கோரஸ்தான், தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸைத் துரத்தி வரும் பழிதெய்வங்கள். வழக்கின் ஒரு தரப்பே அது. நகைச்சுவையில் குளவிகளும் பறவைகளும் மேகங்களும் கோரஸாக வந்தன. அங்கே நாடகத்தின் நடுவில் கதையை நிறுத்திவிட்டு, கோரஸ் பார்வையாளரை நோக்கித் திரும்பிக் கவிஞரின் சார்பில் நேரே பேசவும் செய்தது.

கோரஸ் ஒரு நடிகரைப் போலவே நடத்தப்பட வேண்டும், சோஃபகிளிஸிடம் இருப்பதுபோல, யூரிப்பிடிஸிடம் இருப்பதுபோல அன்று என்று அரிஸ்டாட்டில் எழுதியபோது அது ஏற்கெனவே நாடகத்திலிருந்து கழன்றுகொண்டிருந்தது. கதையோடு ஒட்டாத இடைப்பாட்டுகளை அகத்தான் என்னும் கவிஞர் தொடங்கிவைத்தார் என்று அவரே குறைசொல்கிறார். மெனாண்டரின் 'டிஸ்கொலஸ்' (கி.மு. 316) நாடகத்தில் முதல் அங்கம் முடியும்போது, குடித்துவிட்டு ஒரு கூட்டம் வருகிறது, ஒதுங்கிக்கொள்வோம் என்று ஒரு பாத்திரம் சொல்லிவிட்டுப் போகிறது. ஏட்டில் அடுத்து இருப்பது 'கோரஸின் பாட்டு' என்று பொருள்தரும் ஒற்றைச் சொல். என்ன பாட்டு என்பதைக் கவிஞர் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. அப்படி நான்கு இடங்களில் வந்த இடைவெளிகள்தாம் நாடகத்தை ஐந்து அங்கங்களாகப் பிரித்தன. ஐந்தங்க நாடகம் என்ற பிற்கால ஐரோப்பிய விதிக்குப் பின்னால் வெளியேறிவிட்ட கோரஸின் தடம் இருக்கிறது.

மறுமலர்ச்சிக் காலத்தவர் இந்தச் சொல்லை இரண்டு வழிகளில் மீட்டார்கள். இங்கிலாந்தில் அது ஓர் ஆளாகச் சுருங்கியது. ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'யில் கோரஸ் என்ற பெயரில் ஒரே நடிகர் ஒவ்வோர் அங்கத்துக்கும் முன்னால் வந்து, இந்தச் சிறு மேடைக்குள் பிரான்சின் போர்க்களத்தை அடக்க முடியாது, குதிரைகளைப் பற்றி நாங்கள் பேசும்போது நீங்களே அவற்றைக் கண்டுகொள்ளுங்கள் என்று பார்வையாளரிடம் மன்றாடுகிறார். 'ரோமியோவும் ஜூலியட்டும்' தொடக்கத்தில் வரும் கோரஸ் முடிவையே முதலில் சொல்லிவிடுகிறது. கூட்டம் போய்விட்டது, கதைக்கும் பார்வையாளருக்கும் இடையில் நின்று பேசும் வேலை மட்டும் தங்கியது. நாம் கட்டியக்காரன் என்போமே, அந்த வேலைக்கு இது கிட்டத்தில் வருகிறது.

இத்தாலியில் நடந்தது வேறு. 1585இல் விசென்சா நகரில் ஒலிம்பிக்கோ அரங்கம் 'ஈடிபஸ்' நாடகத்தோடு திறக்கப்பட்டபோது அதன் கோரஸ் பகுதிகளுக்கு ஆந்த்ரெயா காப்ரியேலி இசையமைத்தார். அதை அடுத்த சில பத்தாண்டுகளில் ஓபரா உருவாயிற்று. கிரேக்கர்களின் நாடகத்தை மீட்கிறோம் என்ற எண்ணம் அதை உருவாக்கிய ஃபிளாரன்ஸ் அறிஞர்களிடம் இருந்தது. மான்டிவெர்டியின் 'ஓர்ஃபியோ' (1607) இடையர்களாகவும் பாதாள ஆவிகளாகவும் பாடும் கோரஸைக் கொண்டது. ஓபராவில் கோரஸ் பாடியது. ஆடும் வேலை பெரும்பாலும் பாலே குழுவிடம் போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கூட்டம் 'மக்கள்' என்ற அரசியல் பொருளைப் பெற்றது. 1842இல் மிலானில் அரங்கேறிய வெர்டியின் 'நபுக்கோ'வில் சிறைப்பட்ட எபிரேயர்கள் தாய்நாட்டை நினைத்துப் பாடும் பாட்டும், முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கொதுனோவ்' முதல் காட்சியில் காவலரின் மிரட்டலுக்குப் பணிந்து அரசனை வேண்டிக் கூவும் கூட்டமும் இரு எதிர்முனைகள்.

இதே காலத்தில் ஜெர்மன் அறிஞர்கள் பழைய கோரஸ் எதற்காக இருந்தது என்று வாதிட்டார்கள். அது இலட்சியப் பார்வையாளர் என்றார் ஆ. வி. ஷ்லேகல். ஷில்லர் 1803இல் கோரஸை வைத்தே ஒரு நாடகம் எழுதி, துன்பியல் தன்னை நடப்புலகிலிருந்து காத்துக்கொள்ள எழுப்பும் உயிருள்ள சுவர் அது என்று முன்னுரை தந்தார். நீட்சே 1872இல் ஷ்லேகலை மறுத்து ஷில்லரின் பக்கம் சாய்ந்தார். 'அகமெம்னா'னின் முதியவர்கள் எவருக்கும் இலட்சியமாக இருக்கத் தகுதியற்றவர்கள் என்பதால் ஷ்லேகலின் விளக்கத்தை என்னாலும் ஏற்க முடியவில்லை.

தேவாலய இசையில் இன்னொரு பிரிவினை நேர்ந்தது. ஆங்கிலத்தில் 'கொயர்' என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் வழிபாட்டில் பாடும் குழு கொயர், மேடையிலும் கச்சேரியிலும் பாடும் பெருங்குழு கோரஸ் என்று பொதுவாக வழக்கு பிரிந்தது. அந்தக் குழு பாடும் உருப்படிக்கும் கோரஸ் என்றே பெயர் வந்தது. 1742இல் டப்ளினில் முதன்முதலாகப் பாடப்பட்ட ஹாண்டலின் 'மெசியா'வில் உள்ள 'அல்லேலூயா கோரஸ்' என்பதில் கோரஸ் ஆட்களைக் குறிக்கவில்லை, சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு குரல்களுக்கு எழுதிய அந்தப் படைப்பைக் குறிக்கிறது. ஆட்களிலிருந்து பாட்டுக்குச் சொல் தாவியது இங்கேதான் கண்ணில் படுகிறது.

அடுத்த தாவல் கேளிக்கைப் பாட்டில் நிகழ்ந்தது. ஒருவர் கதை சொல்லும் அடிகளைத் தனியே பாட, ஒவ்வொன்றின் முடிவிலும் கூடியிருந்தவர்கள் எல்லாரும் தெரிந்த சில வரிகளைச் சேர்ந்து பாடுவது மதுக்கடைகளிலும் கப்பல்களிலும் லண்டனின் மியூசிக் ஹால்களிலும் இருந்த வழக்கம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அச்சான பாட்டுத்தாள்களில், ஸ்டீபன் ஃபாஸ்டரின் பாடல்கள் உட்பட, அந்த வரிகளின் தலையில் 'கோரஸ்' என்று போட்டுப் பல குரல்களுக்குச் சுரம் எழுதினார்கள். இந்த இடத்தில் கூட்டம் பாட வேண்டும் என்ற குறிப்பாக இருந்தது, நாளடைவில் அந்த இடத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. அதன்பின் ஒருவர் தனியாகப் பாடினாலும் அது கோரஸ்தான். இன்றைய பாப் பாட்டில் இசையும் சொற்களும் மாறாமல் திரும்பத் திரும்ப வருவதும், பாட்டின் தலைப்பு பெரும்பாலும் இடம்பெறுவதும் அந்தப் பகுதியில்தான். கச்சேரியில் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவதும் அங்கேதான் என்பது பழைய பொருள் முற்றிலும் சாகவில்லை என்பதற்குச் சான்று.

நியூயார்க்கின் பாட்டு வணிகத் தெருவான டின் பான் ஆலியில் எழுதிய பாட்டுகளுக்கு ஒரு முன்னுரைப் பகுதியும் 32 தாளக்கட்டங்கள் கொண்ட கோரஸும் இருந்தன. முன்னுரையைப் பாடுவதை மக்கள் மெல்ல விட்டுவிட்டார்கள். கோரஸே முழுப்பாட்டு ஆயிற்று. ஜாஸ் இசைஞர்கள் அந்த அமைப்பைச் சுற்றிச் சுற்றி வந்து மனோதர்மமாக வாசித்தபோது ஒவ்வொரு சுற்றையும் கோரஸ் என்றார்கள். 1939இல் கோல்மன் ஹாக்கின்ஸ் 'பாடி அண்ட் சோல்' பாட்டைச் சாக்ஸபோனில் இரண்டு கோரஸ் வாசித்துப் புகழ்பெற்றார். 1956 நியூபோர்ட் விழாவில் டியூக் எலிங்டன் குழுவின் பால் கான்சால்விஸ் ப்ளூஸ் அமைப்பில் தொடர்ந்து 27 கோரஸ் வாசித்தார். பாடுவாரும் இல்லை, கூட்டமும் இல்லை; தனியொருவர் ஒற்றைக் கருவியில் வாசிப்பதற்குக் கோரஸ் என்று பெயர். சொல் இவ்வளவு தொலைவு வந்தபோதும், அதன் மூலப்பொருளான ஆட்டம் பிராட்வே மேடையில் காலெடுத்து ஆடும் பெண்களின் வரிசைக்கு வழங்கிய 'கோரஸ் லைன்' என்ற பெயரில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

மின்பெட்டிக்கு வருவோம். இருபது பேர் ஒரே சுரத்தைப் பாடினாலும் எந்த இருவரின் சுருதியும் நேரமும் அணுவளவும் பிசகாமல் ஒன்றுவதில்லை. அந்த நுண்ணிய பிசகுகளே கூட்டுக்குரலுக்கு அடர்த்தியைத் தருகின்றன. ரோலண்ட் நிறுவனம் 1975இல் தன் ஜாஸ் கோரஸ் ஒலிபெருக்கியிலும் அடுத்த ஆண்டு ஒரு தனி மிதிபெட்டியிலும் செய்தது இந்தப் பிசகைச் செயற்கையாக உண்டாக்குவதுதான். கிடாரின் ஒலியைப் பிரதியெடுத்து, நொடியில் ஆயிரத்தில் இருபது முப்பது பங்கு தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தையும் மெல்ல ஏற்றி இறக்கி மூல ஒலியோடு சேர்த்தால், ஒரு கிடார் பலவாகக் கேட்கும்.

தமிழுக்குக் கோரஸ் என்ற சொல் ஆங்கிலத்தின் வழியாக வந்தது. வந்தபோது மேற்சொன்ன பொருள்களில் சிலவற்றையே கொண்டுவந்தது. திரையிசையில் அது குழுவினரை மட்டும் குறிக்கும். இசைத்தட்டிலும் வானொலியிலும் முதன்மைப் பாடகர்களின் பெயருக்குப் பின்னால் வரும் 'குழுவினர்' இவர்களே. ஒரு மைக்கைச் சூழ்ந்து பலர் நின்று பாடியது போய், நாலைந்து பேர் பல தடங்களில் திரும்பத் திரும்பப் பாடி அடுக்குவதும் இன்று நடக்கிறது. பேச்சில் "பிள்ளைகள் கோரஸாகக் கத்தினார்கள்" என்கிறோம். அங்கே இசையே இல்லை. தமிழ்க் கிறித்தவச் சபைகளிலோ ஞானப்பாட்டும் கீர்த்தனையும் அல்லாத, சில அடிகளே கொண்டு எல்லாரும் கைதட்டித் திரும்பத் திரும்பப் பாடும் சிறு துதிப்பாடல் கோரஸ் எனப்படுகிறது. மேலைநாட்டு எழுப்புதல் கூட்டங்களில் பாட்டிலிருந்து மீள்வரிகள் மட்டும் பிரிந்து தனியாக வழங்கிய மரபின் தொடர்ச்சி அது. எம். பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர்களைக் கொண்டு நடத்திய பலகுரல் இசைக்குச் 'சேர்ந்திசை' என்ற பெயர் வழக்குக்கு வந்தது. குழுவையும் இசைவகையையும் ஒருங்கே குறிக்க அது நல்ல சொல்.

மொழிபெயர்ப்பில் அடிக்கடி தடுக்குவது பல்லவி. மேலைப் பாட்டின் கோரஸைப் பல்லவி என்று எழுதுகிறார்கள்; திரும்ப வருவது என்ற அளவில் சரி. ஆனால் பல்லவி பாட்டின் வாசலிலேயே நிற்கும்; சரணங்கள் அதை நோக்கித் திரும்பும். ஆங்கிலப் பாட்டில் கதை சொல்லும் அடிகள் பெரும்பாலும் முதலில் வந்து, இசையை ஏற்றிக்கொண்டே போய்க் கோரஸில் சேரும். அதனால் மேலைப் பாட்டின் அமைப்பை விளக்கும்போது கோரஸ் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அது வரும் இடத்தைச் சொல்லிவிடுவது நல்லது. தெருக்கூத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அந்தக் கடனும் தேவையில்லை. அங்கே கூத்தாடி பாடிய அடியைப் பின்னால் நிற்பவர்கள் வாங்கிப் பாடி, விடியும்வரை ஆட வேண்டியவருக்கு மூச்சுவிட இடம் தருவதற்குப் பின்பாட்டு என்ற பெயர் முன்பே இருக்கிறது.